ஊர்வலம் போனோம், கடை அப்படியே இருக்கிறதே டாக்டர்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம்தான். மே 31 புகையிலை எதிர்ப்பு நாளையொட்டி, விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் வருஷா வருஷம் ஊர்வலம் நடத்துவோம். இந்த வருஷமும் முந்நூறு பிள்ளைகள் பதாகை பிடித்துப் பேருந்து நிலையம் வரை போய் வந்தார்கள். மறுநாள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து, "மேம், ஊர்வலம் முடிஞ்ச கையோட நம்ம பசங்க நாலு பேர் கேட் பக்கத்துக் கடையிலதான் சிகரெட் வாங்கினாங்க. பதாகையை அந்தக் கடைச் சுவர்லயே சாய்ச்சு வச்சிருந்தாங்க. அப்புறம் நாம எதுக்கு நடந்தோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விழிப்புணர்வோடு நிற்காமல், சட்டத்தையும் விதிகளையும் மாற்றவோ நடைமுறைப்படுத்தவோ மாணவர்களைப் பழக்க முடியுமா? எங்கள் பிள்ளைகள் வணிகவியல், தமிழ், கணிதம் படிப்பவர்கள், மருத்துவம் தெரியாது. "அரசியல் ஆகிவிடப் போகிறது" என்று முதல்வர் தயங்குகிறார். மாணவர்களுக்கு ஏதும் வம்பு வருமா? இதற்கு மதிப்பெண் போடுவது எப்படி?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்த மாணவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சமூக மருத்துவத் துறையில் இருபது வருஷத்துக்கு மேலாக மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். நான் முதல் வகுப்பில் கேட்க வைக்கப் பாடுபடும் கேள்வியை அவள் தானாகவே கேட்டிருக்கிறாள். உங்கள் பயிற்சி அவளிடமிருந்தே தொடங்கட்டும்.

ஊர்வலம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்வலத்தில் நாம் யாரிடம் பேசுகிறோம்? புகைப்பவனிடம். "நீ விட்டுவிடு" என்கிறோம். அவன் கைக்கு எட்டும் தூரத்தில் கடை இருக்கிறது, கடைக்கு மேலே விளம்பரப் பலகை இருக்கிறது, பாக்கெட் உடைத்து ஒற்றை சிகரெட் கிடைக்கிறது. இவற்றையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு அவன் மனசை மட்டும் மாற்றச் சொல்கிறோம். அட்வகஸி என்று எங்கள் துறையில் சொல்வது வேறு. அதைப் பரிந்து பேசுதல் என்று நான் தமிழ்ப்படுத்திக்கொள்கிறேன். மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவரிடம் போய், அவரால் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டு, அது நடக்கும் வரை விடாமல் இருப்பது. ஆகவே மாணவர்களுக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டிய முதல் கேள்வி, "இதில் கையெழுத்து யாருடையது?" என்பதுதான்.

இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பதியாது. கடைக்கே கூட்டிப் போங்கள்.

உங்கள் கேட் பக்கத்துக் கடையையே எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் அதன் தட்டுகளைப் பார்த்து ஒரு படம் வரையட்டும். சிகரெட், பீடி இருக்கும். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவின்படி 18 வயது நிரம்பாதவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது. கடைக்கு மேலே பிராண்டு பெயரோடு மின்விளக்குப் பலகை இருந்தால் அது விளம்பரத்தைத் தடுக்கும் 5ஆம் பிரிவு. விற்கும் இடத்தில் வைக்கும் பலகை 60க்கு 45 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதில் பிராண்டு பெயரோ பாக்கெட் படமோ இருக்கக் கூடாது, எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும். பின்னால் தொங்கும் சரத்தில் குட்கா இருந்தால் அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் போடப்பட்ட தடை. அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர் இருக்கிறார். சிறுவர் கையில் புகையிலையைக் கொடுத்தால் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு வருகிறது. ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அது போலீஸ் வேலை. கடை நடைபாதையில் இருந்தால் நகராட்சி. ஆறடி அகலப் பெட்டிக்கடை ஒன்றில் இத்தனை சட்டம், இத்தனை ஆபீஸ். இதைத் தங்கள் கையால் வரைந்த பிள்ளைகள், "அரசாங்கம் எதுவும் செய்யலை" என்று மொத்தமாகச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். எந்த மேஜை, எந்த அதிகாரி என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

அப்புறம் அளக்க வேண்டும். 100 கஜம் என்றால் 91.44 மீட்டர். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் எங்கள் பிள்ளைகள் ஒருமுறை தடுக்கி விழுந்தார்கள். ஒரு மாவட்டத் தலைநகரில், கல்லூரி வாசலிலிருந்து ரோட்டோரமாகவே நாடா பிடித்துக்கொண்டு போனார்கள். திருப்பத்தில் ஒரு டீக்கடை. நாடா 110 மீட்டர் காட்டியது. கடைக்காரர் சிரித்த முகத்தோடு, "பாத்தீங்களா தம்பி, நான் வெளியதான் இருக்கேன்" என்றார். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள். சாயங்காலம் விதியை எடுத்து வாசித்தபோதுதான் தெரிந்தது, அளவு வாசலிலிருந்து கிடையாது. சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து, நாலா பக்கமும் நேர்கோட்டில் அளக்க வேண்டும். கல்லூரி மைதானத்தின் பின்சுவருக்கும் அந்தக் கடைக்கும் இடையே நாற்பது மீட்டர்கூட இல்லை. மறுநாள் திரும்பிப் போய், "அண்ணா, நேத்து நாங்க தப்பா அளந்துட்டோம்" என்று சொல்லி விதியைக் காட்டினார்கள். அந்த ஒரு நாளில் அவர்கள் கற்றதை நான் ஒரு பருவம் முழுக்க வகுப்பெடுத்தாலும் கற்றுத்தந்திருக்க முடியாது. சட்டத்தைப் படித்துவிட்டு நாடாவைத் தொட வேண்டும். தப்பாகச் சொன்னால், சொன்ன இடத்துக்கே போய்த் திருத்திக்கொள்ள வேண்டும்.

அந்தப் பயணத்திலேயே இன்னொன்றும் நடந்தது. வரிசையில் கடைசிக் கடை ஒரு வயதான அம்மாவுடையது. "சிகரெட்டை எடுத்துட்டா எனக்கு என்னப்பா மிஞ்சும்?" என்று கேட்டார். குழுவில் ஒரு மாணவன் பதில் சொல்லாமல் உட்கார்ந்து, அவர் விற்கும் சாமான் ஒவ்வொன்றிலும் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். அதன் பிறகுதான் எங்கள் மனுவில், அபராதம் போடுவதற்கு முன்னால் கடைக்காரர்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்பும் முப்பது நாள் அவகாசமும் கொடுக்க வேண்டும் என்ற வரி சேர்ந்தது. கடைக்காரரை எதிரியாக நினைக்கும் மாணவனை நான் கள வேலைக்கு அனுப்புவதில்லை. புகையிலையில் லாபம் சம்பாதிப்பவர்கள் அந்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு மருத்துவம் தெரியாதே என்று கவலைப்பட்டீர்கள். புகையிலை புற்றுநோய் தரும் என்பதை இனி யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. பாக்கெட்டின் முன்னும் பின்னும் 85 சதவீத இடத்தில் 2016 ஏப்ரலிலிருந்து எச்சரிக்கை அச்சாகி வருகிறது. இந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் கணக்கும் மொழியும்தான். 6ஆம் பிரிவை மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. இந்தத் தொகை ஒரு கடைக்கு எத்தனை நாள் லாபம், இது உறைக்குமா என்று கணக்குப் போட உங்கள் வணிகவியல் மாணவர்களை விட்டால் வேறு யார்? தமிழ் படிக்கும் பிள்ளைகள் மனு எழுதட்டும். கணிதப் பிள்ளைகள் வட்டம் போட்டு வரைபடம் தயாரிக்கட்டும். எங்கள் மருத்துவ மாணவர்கள் மனு எழுதினால் பாதிப் பக்கம் நோயின் பெயராகவே இருக்கும். அதைக் குறைப்பதற்கே எனக்கு ஒரு வாரம் ஆகும்.

மனு என்றதும் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் தடவை மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். பதினோரு கோரிக்கை. புகையிலையை ஒழிக்க வேண்டும், விழிப்புணர்வு மையம் வேண்டும், பள்ளிகளில் பாடம் வேண்டும் என்று அடுக்கியிருந்தேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று பிள்ளைகள் கொடுத்தார்கள்; நம்பர் போட்டு ரசீது கிடைத்தது. அந்தக் காகிதம் மூன்று ஆபீஸ் சுற்றியது. நாலு மாதம் கழித்து, "தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். அவர்களில் இரண்டு பேர் அதன் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. அதிகாரிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினோரு கோரிக்கையில் எதற்கு அவர் கையெழுத்துப் போடுவார்? ஒவ்வொன்றும் வேறொரு துறைக்குச் சேர்ந்தது.

அடுத்த தடவை மனு அரைப் பக்கம்தான். ஏறத்தாழ இப்படி இருந்தது:

"பொருள்: கல்லூரிச் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பனையை நிறுத்தக் கோருதல். ஐயா, எங்கள் கல்லூரியைச் சுற்றி 100 கஜத்துக்குள் ஆறு கடைகளில் சிகரெட், பீடி விற்கப்படுவதை இந்த மாதம் மூன்று நாட்கள் நேரில் பார்த்துக் குறித்துள்ளோம். அளவுகளுடன் வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி இக்கடைகளுக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, முப்பது நாட்களுக்குப் பின் ஆய்வு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆய்வு நாளன்று வரைபடத்துடன் எங்களில் இருவர் உடன் வரத் தயாராக இருக்கிறோம்."

அவ்வளவுதான். மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஒன்று, நகராட்சி ஆணையருக்கு ஒரு நகல். கடைசி வரியைத்தான் அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். ஆள் பற்றாக்குறையோடு இருக்கிறவருக்கு, வேலையில் பாதியைச் செய்து கொண்டு வந்து கொடுப்பவர்கள் அபூர்வம். ஆறு வாரத்தில் ஆய்வு நடந்தது. ஆறில் நாலு கடையில் விற்பனை நின்றது. இரண்டு கடையில் கல்லாவுக்குக் கீழே தொடர்ந்தது. அதற்கு அடுத்த வருஷப் பிள்ளைகள் மனுப் போட்டார்கள்.

பேசிப் பழக்குவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி இது. ஒரு மேஜை போட்டு நீங்கள் அதிகாரியாக உட்காருங்கள். மாணவருக்கு மூன்று நிமிஷம். நாற்பதாவது வினாடியில் உங்கள் போன் அடிக்கட்டும்; எடுத்துப் பேசுங்கள். பேசி முடித்துவிட்டு, "சரி, என்ன விஷயம்?" என்று மறுபடி கேளுங்கள். முதல் வாட்டி எல்லாப் பிள்ளைகளும் வணக்கத்திலிருந்து திரும்பத் தொடங்குவார்கள். நாலாவது வாட்டிதான் நேராகக் கோரிக்கைக்கு வரப் பழகுவார்கள். அப்புறம் உண்மையான மறுப்புகளை எடுத்து வீசுங்கள். "எங்கிட்ட ஆள் இல்லை." "இருநூறு ரூபாய் அபராதம் போட்டு என்ன ஆகப்போகுது?" "அவன் பொழப்பைக் கெடுக்கணுமா?" "முதல்ல உங்க காலேஜுக்குள்ள சுத்தமா?" இந்த நாலாவது கேள்விக்கு மட்டும் கட்டாயம் பதில் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் அது கட்டாயம் வரும்.

அதனால்தான் முதல் கொள்கை மாற்றத்தை உங்கள் வளாகத்துக்குள்ளேயே செய்யச் சொல்வேன். கொள்கை என்றாலே பிள்ளைகள் டெல்லியையும் கோட்டையையும் நினைக்கிறார்கள். உங்கள் கல்லூரி ஆட்சிக் குழு போடும் ஒரு தீர்மானமும் கொள்கைதான். புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. நிறுவனம் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும் பட்டியலும் அதோடு உண்டு. 100 கஜத்துக்குள் விற்பது குற்றம் என்ற பலகையைச் சுவருக்கு வெளியே வைக்க வேண்டியது கல்லூரி நிர்வாகத்தின் கடமை. உங்கள் கல்லூரியில் அந்தப் பலகை இருக்கிறதா என்று நாளைக் காலை பாருங்கள். பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டு விதிகளில், கல்வி நிறுவனத்துக்குள் புகைப்பவருக்கு அபராதம் போடும் அதிகாரம் நிறுவனத்தின் முதல்வருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆக, தயங்குகிற உங்கள் முதல்வரும் கையெழுத்து உள்ளவர்களில் ஒருவர். பிள்ளைகள் முதல் மனுவை அவருக்கே எழுதட்டும்.

குழுவில் புகைக்கிற பையன்களைச் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். அன்று பதாகையைச் சாய்த்து வைத்த அந்த நாலு பேரையும் கூப்பிடுங்கள். எந்தக் கடையில் எது எங்கே இருக்கிறது, காலையில் எத்தனை மணிக்குச் சரக்கு வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். விட நினைப்பவருக்கு 1800 11 2356 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள். 2018இலிருந்து பாக்கெட்டிலேயே அது இருக்கிறது, யார் கண்ணிலும் படுவதில்லை. வருகிற பையனை மற்றவர்கள் முன்னால் ஒரு வார்த்தை குத்திப் பேசிவிடாதீர்கள், அவ்வளவு போதும்.

கிராம சபையை மறக்க வேண்டாம். உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களாக இருப்பார்கள். 18 வயதாகி வாக்காளர் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அவரவர் ஊர்க் கிராம சபையில் அவர்கள் உறுப்பினர். யாரும் நியமிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். 10,000 வரை என்றால் இருநூறு பேர். கூட்டத்தன்று எழுந்து நின்று முழங்குவதில் பயனில்லை. பத்து நாள் முன்பே ஊராட்சித் தலைவரையும் செயலரையும் பார்த்து, பொருளில் சேர்க்கச் சொல்ல வேண்டும். மகளிர் சுய உதவிக் குழு அக்காக்களிடம் முன்கூட்டிப் பேசி வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தீர்மானப் புத்தகத்தில் வாசகம் என்னவென்று எழுதுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று வாசித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரருக்கு அபராதம் போடும் அதிகாரம் கிராம சபைக்குக் கிடையாது. ஆனால் "பள்ளியைச் சுற்றியும் பேருந்து நிழற்குடையிலும் புகையிலை வேண்டாம், அதிகாரிகள் ஆய்வு செய்யட்டும்" என்று ஊரே சொன்னதாக ஒரு காகிதம் இருந்தால், அதைத் தூக்கிப்போட எந்த ஆபீசுக்கும் கை வராது. நகரப் பிள்ளைகளுக்கு வார்டு அளவில் பகுதி சபை இருக்கிறது.

அரசியல் ஆகிவிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் நான் பூசி மெழுகப் போவதில்லை. ஒரு விதியை நடைமுறைப்படுத்தச் சொல்வதும், போதாத விதியை மாற்றச் சொல்வதும் அரசியல்தான். கட்சி அரசியல் கிடையாது, அவ்வளவுதான். கட்சிக் கொடி, கட்சி மேடை, வேட்பாளர் பெயர் எதுவும் வராது என்று எழுதி முதல்வரிடம் கொடுங்கள். எம்எல்ஏவைச் சந்திப்பதானால் எதிர்க்கட்சிக்காரரையும் அதே வாரத்தில் அதே மனுவோடு சந்தியுங்கள். அதோடு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதையை அவரிடம் சொல்லுங்கள். சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போன மருத்துவர். தேவதாசி முறையை நிறுத்த வேண்டும் என்று 1927இல் அங்கே தீர்மானம் கொண்டு வந்தார். முழுச் சட்டம் நிறைவேறியது 1947இல். இடையில் இருபது வருஷம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் திறந்து காட்டினார். நோயாளியைப் பார்ப்பது, சட்டம் கேட்பது, நிதி திரட்டுவது எல்லாமே அவருக்கு ஒரே வேலையாக இருந்திருக்கிறது. அவரை யாரும் இன்று அரசியல் செய்தார் என்று குறை சொல்வதில்லை.

நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பஸ்ஸிலும் ரயிலிலும் பக்கத்து இருக்கைக்காரர் விடும் புகையைச் சகித்துக்கொண்டுதானே ஒரு காலத்தில் பயணம் செய்தோம்? கேரளத்தில் ஒரு கல்லூரி ஆசிரியை அதைச் சகிக்க மாட்டேன் என்று நீதிமன்றம் போனார். 1999 ஜூலையில் பொது இடத்தில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் தடுத்தது. 2001 நவம்பரில், வேறொரு வழக்கில், உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. 2003இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2இலிருந்து விதிகள் கடுமையாயின. உங்கள் மாணவர்கள் புகையில்லாத பஸ்ஸில்தான் பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிறார்கள். அது தானாக வந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இந்தத் தேதிகளை வரிசையாகப் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று அவர்களே கழித்துப் பார்க்கட்டும்.

மாணவர்கள் முன்நின்று செய்தால் பலன் உண்டா என்று ஆட்சிக் குழுவில் யாராவது கேட்டால் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலுமாக 32 பள்ளிகளில் மைத்ரி என்ற ஆய்வு நடந்தது. 6, 8ஆம் வகுப்புகளில் தொடங்கினார்கள். மாணவர்களில் சிலரையே தலைவர்களாகப் பழக்கி, அவர்களை வைத்தே மற்றவர்களுக்கு நடத்தினார்கள். இரண்டு வருஷ முடிவில், இது நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 சதவீதம் கூடியிருந்தது. நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது. பிள்ளைகளின் கையில் பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியிருந்ததில்லை.

வம்பு வருமா? கவனமாக இருந்தால் பெரும்பாலும் வராது. ஆனால் சில விஷயங்களில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 18 வயது ஆகாத பிள்ளையைக் கடைக்கு அனுப்பி வாங்க வைத்துச் சோதிக்கக் கூடாது; அது ஆதாரம் கிடையாது, அந்தப் பிள்ளையின் கையில் நாமே சிகரெட்டைக் கொடுத்த மாதிரி. கடைக்காரர் முகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. தனியாகப் போகக் கூடாது, இருட்டிய பிறகு போகக் கூடாது. குட்கா கண்ணில் பட்டால் அங்கே நின்று கேள்வி கேட்கவே கூடாது. பேசாமல் வந்து உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். அதில் பணம் புழங்குகிறது, பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை அதற்குக் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. கல்லூரி விழாவுக்கு நன்கொடை தருகிறவர் யார் என்றும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். புகையிலை நிறுவனங்களின் செல்வாக்கிலிருந்து பொதுச் சுகாதாரக் கொள்கையைக் காக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3 பிரிவு சொல்கிறது. 2004இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மனு, மறுபக்கம் அவர்கள் பணத்தில் பந்தல் என்றாகிவிடக் கூடாது.

மனு கொடுத்த பிறகு வரும் மௌனத்துக்கும் பயிற்சி வேண்டும். கொடுத்த தேதி, வாங்கியவர் பதவி, ரசீது எண் மூன்றையும் நோட்டில் எழுதாமல் ஆபீஸ் படியை இறங்கக் கூடாது. பதினைந்து நாளில் ஒரு நினைவூட்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, "இந்த எண் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, ஆய்வறிக்கையின் நகல் தரவும்" என்று இரண்டே கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. கோபத்தோடு எழுத வேண்டாம். மரியாதையான கடிதத்தில் சரியான எண் இருந்தால் போதும். வேலை செய்து கொடுத்த அதிகாரிக்கு நன்றிக் கடிதம் எழுதவும் பழக்குங்கள். அடுத்த முறை உங்கள் பிள்ளைகள் போனால் நாற்காலி கிடைக்கும்.

மதிப்பெண் விஷயத்தில் என் அபிப்பிராயம் உறுதியானது. கடை மூடியதா என்று பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். அது மாணவர் கையில் இல்லை. அவர்கள் வைத்திருக்கும் ஃபைலுக்குப் போடுங்கள். வரைபடம், அளவுக் குறிப்பு, மனுவின் முதல் வரைவும் கடைசி வடிவமும், யாரை எப்போது பார்த்தார்கள், அவர் என்ன சொன்னார், எங்கே தப்பு செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முதல் வரைவுக்கும் கடைசி வடிவத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்று பார்த்தாலே யார் கற்றார்கள் என்று தெரிந்துவிடும். மூன்று வருஷத்தில் பிள்ளைகள் போய்விடுவார்கள், ஃபைல் போகக் கூடாது. மூன்றாம் ஆண்டு மாணவர் முதலாம் ஆண்டு மாணவருக்கு உட்கார்ந்து ஃபைலை விளக்கிச் சொல்லிவிட்டுப் போவதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். எங்கள் துறை அலமாரியில் இருக்கும் மிகப் பழைய ஃபைலில் மனுப் போட்டவர்களில் ஒருத்தி இன்று ஒரு மாவட்டத்தில் சுகாதாரத் துறை அதிகாரி. இப்போது மனுக்கள் அவள் மேஜைக்கு வருகின்றன.

சரி, இந்த வாரம் என்ன செய்வது? பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டாம் ஆண்டு மாணவியிடம் ஐம்பது மீட்டர் நாடா ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகளை முதலில் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். பின்சுவரிலிருந்து தொடங்குங்கள், வாசலிலிருந்து வேண்டாம். வரைபடமும் மனுவின் முதல் வரைவும் தயாரானதும் எனக்கு அனுப்பிவையுங்கள். சிவப்பு மையில் திருத்தி ஒரு வாரத்தில் திருப்பி அனுப்புகிறேன்.